கதவைத் திறந்தால் போதுமா?

ஓவியன் குடியிருக்கும் வீட்டை, அவன் வேலை செய்யும் பட்டறையை, பொதுமக்கள் வந்து பார்ப்பதற்காகத் திறந்து விடுவது இன்று பல நாடுகளில் வழக்கமாகியிருக்கிறது. பெருநகரங்களில் ஆண்டுக்கு ஒரு முறை இதற்கென்று நாள் குறிக்கிறார்கள். ஜனங்கள் வருகிறார்கள், வண்ணக் குப்பிகளையும் தூரிகைகளையும் பார்க்கிறார்கள், பணமிருப்பவர் ஒரு படத்தை விலை பேசுகிறார், இல்லாதவர் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மறுநாள் கதவு மூடிக்கொள்கிறது.

இதை நாம் குறை சொல்லவில்லை. மூடிய கதவைவிடத் திறந்த கதவு மேல். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. கதவைத் திறப்பது யார்? உள்ளே வருவது யார்? திறந்த கதவு நாளைக்கும் திறந்திருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்தக் கேள்விகளுக்கு வெறும் தத்துவத்தால் விடை கிடைக்காது. அனுபவத்தைப் பார்க்க வேண்டும். மெக்ஸிகோ நாட்டுக் கம்யூனிஸ்டு ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் தமது வீட்டைத் திறந்த கதை அத்தகைய ஓர் அனுபவம். அதன் பெருமையும் நமக்குப் பாடம். அதன் முரண்பாடும் நமக்குப் பாடம்.

சிறையிலிருந்து வந்தவரின் வீடு

சிகெய்ரோஸ் 1896ம் ஆண்டில் பிறந்தவர். மாணவப் பருவத்தில், 1911ல், ஓவியப் பள்ளி வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார். பிறகு மெக்ஸிகப் புரட்சிப் படையில் சேர்ந்தார். 1920களில் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் ஒரு தொழிற்சங்கம் அமைத்தவர்களில் ஒருவர். பணக்காரர் கூடத்தில் மாட்டும் படத்துக்கு எதிராக, தெருவில் நடப்பவன் எல்லோரும் பார்க்கக்கூடிய சுவரோவியமே மக்களின் கலை என்று அந்தச் சங்கம் பிரகடனம் செய்தது. அச்சங்கம் தொடங்கிய ‘எல் மச்செத்தே’ என்ற பத்திரிகை பின்னர் மெக்ஸிகோ கம்யூனிஸ்டுக் கட்சியின் ஏடாயிற்று. ஹாலிஸ்கோ மாநிலத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டுவதற்காகச் சில ஆண்டுகள் தூரிகையைக் கீழே வைத்தவர் அவர். ஸ்பெயினில் பாஸிசத்தை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தியவர்.

அவர் செய்த பெரும் தவறையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1940 மே 24ந் தேதி, மெக்ஸிகோ நகரின் கொயோவகான் பகுதியில் இருந்த ட்ராட்ஸ்கியின் வீட்டின் மீது ஆயுதந்தாங்கிய குழு ஒன்று குண்டு மாரி பொழிந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் சிகெய்ரோஸ். கருத்து வேறுபாட்டைத் துப்பாக்கி தீர்க்காது. அந்த வீடும் இன்று பொதுமக்கள் பார்க்கும் காட்சிச்சாலையாக இருக்கிறது. சுவரில் குண்டு துளைத்த தடங்கள் இருக்கின்றன. நமது வரலாற்றின் நல்ல சுவர்களை மட்டும் காட்டி, இந்தச் சுவரைத் திரை போட்டு மறைத்தால், திறந்த வீட்டைப் பற்றி எழுத நமக்கு யோக்கியதை கிடையாது.

1958–59ல் மெக்ஸிகோ ரயில்வே தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் ராணுவத்தை ஏவியது. தலைவர்களைச் சிறையில் தள்ளியது. சிகெய்ரோஸ் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். 1960ல் அவரும் கைது செய்யப்பட்டார். குற்றம் என்ன? ‘சமூகச் சீர்குலைவு’! கூட்டம் போட்டுப் பேசுகிறவன் எவனையும் இந்தப் பெயரில் பிடித்து உள்ளே போடலாம். நமது நாட்டுத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் இத்தகைய சட்டங்களின் முகம் பழக்கமானதுதான். 63 வயதான ஓவியர் லெக்கும்பெர்ரிச் சிறையில் அடைக்கப்பட்டார். 1964ல்தான் வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் என்ன செய்தார்? மெக்ஸிகோ நகரில் பொலாங்கோ பகுதியில், த்ரெஸ் பிகோஸ் தெருவில், 29ம் எண்ணுள்ள தமது வீட்டை 1969ல் பொதுக்கலை அரங்கமாக மாற்றினார். தம் ஓவியத் திட்டங்கள், கோட்டுருவங்கள், புகைப்படங்கள், தஸ்தாவேஜுகள் ஆகியவற்றை மக்கள் பார்க்கவும் இளம் ஓவியர்கள் ஆராயவும் வைத்தார்.

ஆண்டைக் கவனியுங்கள். 1968 அக்டோபர் 2ந் தேதி த்லாத்தெலொல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களை மெக்ஸிகோ ராணுவம் சுட்டுத் தள்ளியது. ‘சமூகச் சீர்குலைவு’ச் சட்டப் பிரிவை ரத்து செய் என்பது அந்த மாணவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அது ரத்தானது 1970ல். நாலு பேர் கூடினாலே சர்க்கார் சந்தேகப்பட்ட அந்த நாட்களில், அதே சட்டத்தால் சிறை சென்ற ஒருவர் தமது வீட்டை மக்கள் கூடும் இடமாக அறிவித்தார். அது வெறும் ஓவியக் காட்சியல்ல; ஓர் அரசியல் செயல்.

மர்மம் கலைகிறது

நகரத்து வீடு ஒன்று. குவெர்னவாக்கா நகரில் இருந்த பட்டறை மற்றொன்று. 1965ல் கட்டிய அந்த இடத்தில் அவர் கடைசிவரை வாழ்ந்தார், வேலை செய்தார். ஸ்பானிய மொழியில் பட்டறைக்கு உள்ள சொல்லைப் பெண்பாலாக்கி அதற்கு ‘லா தாயேரா’ என்று பெயர் வைத்தார்.

இந்தப் பட்டறையில் நடந்தது தனிமனிதத் தவம் அல்ல, கூட்டு உழைப்பு. ‘மனிதகுலத்தின் அணிவகுப்பு’ என்ற மிகப் பெரிய சுவரோவியத்தின் பலகைகள் இங்கேதான் உருவாயின. இரும்புச் சட்டம் அடிக்க ஒருவர், பலகையைப் பூட்ட ஒருவர், பற்றவைக்க ஒருவர், வண்ணம் பீச்ச ஒருவர் என்று பல நாட்டு ஓவியர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து உழைத்தார்கள். சிகெய்ரோஸின் கருவிகளே தொழிற்சாலைக் கருவிகள்தாம். மோட்டார் வண்டிக்கு அடிக்கும் பைராக்ஸிலின் சாயம், அதைப் பீச்சும் துப்பாக்கி இவற்றை 1930களிலேயே ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 1936ல் நியூயார்க்கில் அவர் நடத்திய சோதனைப் பட்டறையில் பயின்றவர்களில் பின்னாளில் புகழ்பெற்ற ஜாக்ஸன் பொல்லாக்கும் ஒருவர்.

நமது நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1952ல் உபகாரச் சம்பளத்தில் மெக்ஸிகோ சென்ற ஓவியர் சதீஷ் குஜ்ரால், ரிவேராவிடமும் சிகெய்ரோஸிடமும் தொழில் பழகினார். இந்தியாவுக்குத் திரும்பி அவர் செய்த சுவரோவியங்களில் அந்தப் பயிற்சியின் பலன் தெரிகிறது. பட்டறையின் கதவு திறந்திருந்தால் ஒரு கண்டத்தின் வித்தை இன்னொரு கண்டத்துக்குப் போய்ச் சேருகிறது.

பட்டறையைப் பார்க்க வரும் தொழிலாளி அங்கே என்ன காண்கிறான்? தனக்குத் தெரிந்த பொருள்களைக் காண்கிறான். கப்பியைக் காண்கிறான்; சாரத்தைக் காண்கிறான்; சாயத் துப்பாக்கியைக் காண்கிறான். ‘இது தெய்வீகம், உனக்குப் புரியாது’ என்று மேட்டுக்குடி விமர்சகர்கள் கட்டிவைத்த மர்மம் அந்தக் கணத்தில் கலைந்து போகிறது. கலை என்பது உழைப்பு. தன் உழைப்புக்கு உறவான உழைப்பு என்பது அவனுக்கு விளங்குகிறது. திறந்த பட்டறையின் முதல் பயன் இதுவே என்பது நமது கருத்து.

உழைப்பு என்றால் உழைப்பின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அந்த மாபெரும் ஓவியத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பலகைகள் பயன்பட்டன. ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலை அரிக்கும் என்பதை இன்று எல்லோரும் அறிவோம். கலைக்காக அறுத்தாலும் கூரைக்காக அறுத்தாலும் தூசி தூசிதான். பட்டறையைக் காட்சிக்கு வைப்பவர்கள், தலைமை ஓவியரின் பெயரோடு, பலகை அறுத்தவர்களும் பற்றவைத்தவர்களும் யார், எப்படி உழைத்தார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அப்பொழுதுதான் அது முழுமையாகத் திறந்த பட்டறை.

கோடீசுவரரின் பணமும் மக்களின் சுவரும்

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்ப்போம். ‘உங்கள் கம்யூனிஸ்டு ஓவியர் யாருடைய பணத்தில் அந்தப் படத்தை வரைந்தார்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ‘மனிதகுலத்தின் அணிவகுப்’பை வரையச் சொல்லிப் பணம் தந்தவர் மனுவேல் சுவாரெஸ் என்ற பெரும் ஹோட்டல் முதலாளி. குவெர்னவாக்காவில் அவருக்குச் சொந்தமான ‘கஸினோ தெ லா செல்வா’ என்ற உல்லாச ஹோட்டலுக்காகவே முதலில் அது திட்டமிடப்பட்டது. பிறகு மெக்ஸிகோ நகரில் அவர் கட்டிய புதிய ஹோட்டலை ஒட்டி ‘பொலிஃபோரும்’ என்ற கட்டிடம் எழுந்தது. 1971 டிசம்பரில் அது திறக்கப்பட்டது.

பாட்டாளிகளின் அணிவகுப்பை முதலாளியின் கட்டிடத்தில் வரைந்தது முரண்பாடுதான். இதை நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. முதலாளித்துவ சமுதாயத்தில் வாழும் கலைஞனின் நிலைமையே அது. சர்க்காரின் சுவரில் வரைந்தால் சர்க்கார் மறைக்கிறது. முதலாளியின் சுவரில் வரைந்தால் முதலாளியின் விருப்பம் உள்ளவரைதான் படம் இருக்கும். 1932ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சிகெய்ரோஸ் ஒரு சுவரோவியம் வரைந்தார். சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதனையும், அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகையும் அதில் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் அதன் மேல் வெள்ளை பூசிவிட்டார்கள். மக்கள் மறுபடியும் அதைப் பார்க்க 2012 வரை, 80 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்ஸிகோ நடிகர் சங்க அரங்கில் 1950களின் இறுதியில் தொழிலாளி மீது ராணுவம் பாய்வதை வரைந்தார்; சங்க நிர்வாகிகளே பலகை அடித்து அதை மூடினார்கள்.

சுவர் எவன் கையில் இருக்கிறதோ அவன் கையில் ஓவியத்தின் உயிர் இருக்கிறது. இது ஊகமல்ல, கண்கூடு. அந்தக் ‘கஸினோ தெ லா செல்வா’வின் கதி என்ன? 2001ல் அந்த நிலம் ஓர் அமெரிக்கப் பெருவணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பெரிய அங்காடி கட்டுவதற்காகப் புல்டோசர்கள் இறங்கின. மரங்கள் சாய்ந்தன. சுவரோவியங்கள் பல இடிந்தன. ஸ்பெயினிலிருந்து அகதியாக வந்த கம்யூனிஸ்டு ஓவியர் ஹோஸெப் ரெனாவ் போன்றோர் வேலை செய்த இடம் அது. எதிர்த்துக் கிளம்பிய நகர மக்களைப் போலீஸ் 2002ல் கைது செய்தது. கிளர்ச்சியின் பலனாகச் சில ஓவியங்கள் மிஞ்சின. ‘கலைக்கு அரசியல் வேண்டாம்’ என்று உபதேசிக்கும் கனவான்களைக் கேட்கிறோம்: புல்டோசருக்கு அரசியல் இல்லையா?

பத்திரம் யார் பெயரில்?

இங்கேதான் சிகெய்ரோஸ் செய்த கடைசிக் காரியத்தின் முக்கியத்துவம் புலப்படுகிறது. 1974 ஜனவரி 6ந் தேதி அவர் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், பொலாங்கோ வீட்டையும் குவெர்னவாக்கா பட்டறையையும் உள்ளிருந்தவற்றோடு மெக்ஸிகோ மக்களுக்கு எழுதி வைத்தார். அவருடைய வாழ்க்கைத் துணைவியும் போராட்டத் துணைவியுமான ஆஞ்ஹெலிகா அரேனால் அந்தப் பணியில் உடன் நின்றார். இன்று அவ்விரண்டையும் அந்நாட்டின் தேசிய நுண்கலை நிறுவனம் நடத்தி வருகிறது.

கஸினோ போயிற்று, பட்டறை நிற்கிறது. ஒரே நகரம், ஒரே காலத்து ஓவியர்கள். வித்தியாசம் எங்கே? ஒன்று தனிச்சொத்து, மற்றது பொதுச்சொத்து. வீட்டைத் திறப்பது தயவு. வீட்டை மக்களுக்கு எழுதி வைப்பது உரிமை. தயவு ஆளோடு போகும். உரிமை மக்களோடு நிற்கும்.

2012ல் அந்தப் பட்டறையைப் புதுப்பித்தபோது கட்டிடக் கலைஞர் ஃப்ரீதா எஸ்கோபெதோ ஒரு காரியம் செய்தார். முற்றத்துக்குள் இருந்த இரண்டு பெரிய சுவரோவியங்களைத் திருப்பி வைத்து, முற்றத்தை எதிரே இருக்கும் பொதுச் சதுக்கத்தோடு சேர்த்துவிட்டார். வீட்டுக்குள் இருந்த ஓவியம் தெருவைப் பார்த்து நிற்கிறது. உள்ளே வரத் தயங்குகிறவனும் தெருவில் நின்றே பார்க்கலாம். சிகெய்ரோஸ் வாழ்நாளெல்லாம் வாதாடியது இதற்காகத்தானே!

ஆனால் பொதுச்சொத்தாகிவிட்டால் போராட்டம் முடிந்தது என்று நினைப்பது தவறு. மெக்ஸிகோ நகரிலேயே இன்னொரு வீடு இருக்கிறது. ஃப்ரீதா காலோவின் ‘நீல வீடு’. அதுவும் ஓவியர் வாழ்ந்து வரைந்த வீடு. 1958ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அவருடைய முகம் பைகளிலும் சட்டைகளிலும் அச்சாகி விற்பனையாகிறது. ஆனால் அவர் ஒரு கம்யூனிஸ்டு என்பதையும், அவருடைய கட்டிலருகே மார்க்ஸ், லெனின் படங்கள் மாட்டியிருந்தன என்பதையும் அந்தப் பைகள் சொல்வதில்லை! கதவு திறந்தே இருக்கிறது. கருத்துக்கு மட்டும் பூட்டு. முதலாளித்துவச் சந்தை எதை இடிக்க முடியவில்லையோ அதை விற்கப் பார்க்கிறது.

உள்ளே வருவது யார்?

நமது இரண்டாவது கேள்விக்கு வருவோம். பொலாங்கோ பணக்காரர் வசிக்கும் பகுதி. நகரின் ஓரத்தில் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்த வீட்டுக்கு வர பஸ் கட்டணம் வேண்டும். ஓய்வு நேரம் வேண்டும். மெக்ஸிகோவின் தேசிய அருங்காட்சியகங்களில் ஞாயிற்றுக்கிழமை நாட்டு மக்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது பாராட்டத்தக்கது. ஆனால் ஞாயிறன்றும் வேலைக்குப் போகிறவள் என்ன செய்வாள்? எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் கலைப் பிரச்சினை இல்லையா? கலைப் பிரச்சினையேதான்! ஓய்வில்லாதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றே.

நம் நாட்டையும் ஒரு நிமிஷம் பாருங்கள். வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பது நமக்குப் புதுமையல்ல. காஞ்சிபுரத்தில் நெசவாளியின் வீட்டில் பாதி இடம் தறிக்கு. மீதி இடம் மனிதருக்கு. குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்தவன் பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, அடுப்பு எரிகிறது. பட்டு வாங்க வருகிறவர் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம். அந்தக் கதவு என்றைக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் அதை யாரும் ‘கலைஞனின் இல்லம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக் கொண்டாடுவதில்லை. ஓவியன் பட்டறையில் குடியிருந்தால் அது ரசனை. நெசவாளி பட்டறையில் குடியிருந்தால் அது வறுமை. இந்த வித்தியாசத்தைச் செய்தது எது? கைத்திறன் அல்ல, வர்க்கம்.

நல்ல முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் இளம் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். வீடும் பட்டறையும் கட்டிக்கொண்டார்கள். எந்தக் கோடீசுவரரின் தயவுக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை. கூட்டுறவு என்ற சொல்லுக்கு அது நல்ல உதாரணம். அன்று மணல்மேடாகக் கிடந்த அந்தக் கடற்கரையில் இன்று நிலத்தின் விலை சாதாரண மனிதன் நெருங்க முடியாதது. இன்றைக்கு ஓர் ஏழை ஓவியர் கூட்டம் அதே காரியத்தைச் செய்ய விரும்பினால் முடியுமா? முடியாது. எனவே நிலப் பிரச்சினையும் கலைப் பிரச்சினையே.

நாம் சொல்வது

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். ஓவியர்கள் தம் பட்டறைகளைத் திறக்கட்டும்; வரவேற்கிறோம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. மக்களுக்கு உரிய ஓவியங்களும் அவை இருக்கும் கட்டிடங்களும் பொதுச்சொத்தாகச் சட்டப்படி பதிவாக வேண்டும். நுழைவுக் கட்டணம் உழைப்பாளியை வாசலில் நிறுத்தக் கூடாது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை நேரத்திலும் திறந்திருக்க வேண்டும். படைப்பில் பங்கு கொண்ட தொழிலாளர்களின் பெயர்கள் சுவரில் இடம்பெற வேண்டும். வீட்டிலேயே தறி நெய்யும் நெசவாளிக்கும், வீட்டிலேயே சிலை வார்க்கும் கைவினைஞனுக்கும், காற்றும் வெளிச்சமும் உள்ள பட்டறையும் குடியிருக்கத் தனி இடமும் சர்க்கார் தர வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. சம்பளக் கோரிக்கையும் போனஸ் கோரிக்கையும் அவசியம். அதோடு, ஆண்டுக்கு ஒரு நாளாவது தொழிலாளர் குடும்பங்களை ஓர் ஓவியரின் பட்டறைக்கு அழைத்துச் செல்வது என்று ஒவ்வொரு சங்கமும் முடிவு செய்யக்கூடாதா? ஓவியரை ஆலை வாசலுக்கு அழைத்து வரக்கூடாதா? சுரங்கத் தொழிலாளர் மத்தியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ததால்தான் சிகெய்ரோஸின் சுவர்களில் தொழிலாளியின் முகம் உண்மையாக இருக்கிறது. அவர் தொழிலாளியின் வாசலுக்கு முதலில் போனார். பிறகுதான் தம் வாசலைத் தொழிலாளிக்குத் திறந்தார்.

கதவைத் திறப்பது கலைஞனின் கடமை. உள்ளே போவது மக்களின் உரிமை. அந்தக் கதவை மறுபடியும் எவனும் பூட்டிவிடாமல் காவல் நிற்பது நமது இயக்கத்தின் வேலை.